அழுகிற காட்சி ஏன் ஒட்டவில்லை?

பென்னாகரத்தான்: ஒகேனக்கல் பரிசல் துறையில் குறும்படம் எடுக்கிறோம். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்த அண்ணனிடம் தம்பி அழ வேண்டும். நடிகர் நிஜமாகவே அழுகிறார், பார்க்கிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

ஊத்தங்கரை கூத்துப் பிரியன்: தம்பி அழவா வந்தான்? அவனுக்கு இன்னும் ஒரு மாசத் தவணை வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்க விடுங்கள், அழுகையை அடக்கச் சொல்லுங்கள். உணர்ச்சியை நேராகத் துரத்தாமல் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று பார்க்கச் சொன்னவர் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. கையில் ஏதாவது வேலையும் கொடுங்கள், மீன் கழுவட்டும்.

ஓசூர் எடிட்டர்: அண்ணன் முகத்தையும் எடுத்து வையுங்கள். ரஷ்யத் திரைப்பட இயக்குநர் குலெஷோவ் ஒரே முகத்தின் காட்சியோடு சூப், சவப்பெட்டி என்று வேறு காட்சிகளை மாற்றி மாற்றி ஒட்டித்தான் பார்க்கிறவருக்கு வேறு வேறு உணர்ச்சியை வரவழைத்தார். அப்புறம், அந்த அருவி இரைச்சலில் வசனம் எப்படிப்பா கேட்கும்?

பென்னாகரத்தான்: டப்பிங்தான் அண்ணா. தவணை யோசனை பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்க்கிறோம்.