பாட்டில், வாளி, பாட்டியின் உரல்

குழு: மன்னார்குடி வீடு

சனிக்கிழமை

நான், இரவு 8:12
குட்டியின் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. நான்காம் வகுப்புக்கு இனி 'ஸ்டெம்' என்று தனியாக வாரம் ஒரு பாடவேளையாம். அதற்கு ஒரு பெட்டி வாங்க வேண்டும். 3,500 ரூபாய். செவ்வாய்க்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார்கள். யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா?

கோவை அண்ணன், 8:15
கட்டிவிடு. இங்கே சின்னவனுக்குப் போன வருடமே வாங்கினோம். சின்ன ரோபோ கார். தரையில் கறுப்புக் கோடு போட்டால் அதன் மேலேயே ஓடும்.

நான், 8:15
இப்போதும் ஓடுகிறதா?

கோவை அண்ணன், 8:19
பேட்டரி தீர்ந்துவிட்டது. பரணில் இருக்கிறது.

மாமா, 8:20
நல்ல விலையுள்ள பரண்.

திருச்சி சித்தப்பா, 8:26
அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம். இந்த நான்கின் முதல் எழுத்துகள்தான் ஸ்டெம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை முதலில் எழுத்துகளை மாற்றி அடுக்கி 'ஸ்மெட்' என்றது. கேட்க நன்றாக இல்லையென்று 2001 வாக்கில் ஸ்டெம் ஆக்கினார்கள். நான்கையும் பிரிக்காமல் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அதற்குள் இருந்த எண்ணம். இவர்கள் அதையே ஐந்தாவது பாடமாக்கித் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கோவை அண்ணன், 8:28
சித்தப்பா, பிள்ளைகள் ஏதோ ஒன்றைக் கையால் தொட்டுச் செய்கிறார்கள். அதுவும் இல்லாமல் இருப்பதற்கு இது மேல் அல்லவா?

பெரிய அத்தை, 8:41
இப்போதுதான் பார்த்தேன். தம்பி சொல்வது சரி. ஆனால் அண்ணன் பிள்ளை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் மூன்று வாரமாக ஒரு வேலை நடக்கிறது. சாப்பிட்டு முடித்துவிட்டு எழுதுகிறேன்.

மாமா, 8:42
மூன்று வாரமாக வீட்டில் காலி பாட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. காரணம் இதுதான்.

பெரிய அத்தை, 9:20
சரி, கேளுங்கள். பள்ளியில் கை கால் கழுவத் தண்ணீர் போதவில்லை. மழையோ கொட்டுகிறது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நம் கூரையில் விழுகிற தண்ணீரைப் பிடித்தால் எத்தனை நாளைக்கு வரும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அங்கேதான் ஆரம்பித்தது.

பெரிய அத்தை, 9:24
முதலில் மழையை அளக்க வேண்டும். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல உள்ளே செருகினோம். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும் அல்லவா? அந்த இடம் மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, அதற்கு மேல் பூஜ்யம் என்று கோடு. பூஜ்யத்திலிருந்து மேலே ஒரு அளவுகோலை ஒட்டினோம். அவ்வளவுதான் மழைமானி.

பெரிய அத்தை, 9:27
உடனே ஒருவன் எழுந்தான். "அகலமான பாத்திரத்தில் மழை நிறைய விழுமே, பாட்டில் மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும்?" நான் விளக்கம் சொல்லவில்லை. பெயின்ட் டப்பா, சம்படம், வாளி, பாட்டில் நான்கையும் வெட்டவெளியில் வைக்கச் சொன்னேன். மறுநாள் பெயின்ட் டப்பா, சம்படம், பாட்டில் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரம். வாளியில் மட்டும் கூடுதல்.

நான், 9:28
ஏன் அத்தை?

பெரிய அத்தை, 9:29
குட்டியிடம் ஒரு வாளியைக் கொடுத்துப் பார்க்கச் சொல். நான் சொல்ல மாட்டேன்.

நான், 9:36
வாய் அகலம், அடி குறுகல் என்கிறாள். அகலமான வாயில் பிடித்ததைக் குறுகலான இடத்தில் அடைப்பதால் உயரம் ஏறிவிடுகிறதாம்.

பெரிய அத்தை, 9:37
கண்ணு, அவளுக்கு என் முத்தம் ஒன்று. எங்கள் பிள்ளைகளுக்கு இது பிடிபட இரண்டு நாள் ஆனது. அவர்கள் அந்த வாளிக்குப் 'பொய் வாளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பாட்டி (குரல் செய்தியை மாமா எழுத்தாக்கியது), 9:44
இதற்கு எதற்குப் பாட்டில்? கொல்லையில் கிடக்கும் கல் உரலில் எவ்வளவு நின்றது என்று பார்த்தே உன் தாத்தா எத்தனை உழவு மழை என்று சொல்வார். அதை வைத்துத்தான் ஏர் கட்டினோம்.

திருச்சி சித்தப்பா, 9:46
அம்மா, உரலின் குழியும் வாளி மாதிரிதான். மேலே அகலம், கீழே குறுகல். அதுவும் பொய் சொல்லும்.

பாட்டி (குரல் செய்தி), 9:49
சொல்லட்டுமே. நாற்பது வருடமும் ஒரே பொய்யைத்தானே சொன்னது. எங்களுக்குக் கணக்குத் தெரியும்.

மாமா, 9:49
இதற்குப் பொதுப்பணித்துறையில் பதில் உண்டா மைத்துனரே?

திருச்சி சித்தப்பா, 9:52
இல்லை. அம்மா சொல்வது சரி. ஒரே மாதிரி தவறு செய்கிற கருவியைத் திருத்திப் பயன்படுத்தலாம். நாளுக்கொரு விதமாகத் தவறு செய்வதைத்தான் தூக்கிப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

கோவை அண்ணன், காலை 7:05
அத்தை, இரவு யோசித்தேன். அளந்தீர்கள், சரி. பொறியியல் எங்கே இருக்கிறது? கணக்கு எங்கே?

பெரிய அத்தை, 7:40
கணக்கில்தான் மாட்டிக்கொண்டோம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். பெரியவர்களுக்கு இது ஒரு வரி. பத்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடும். அதனால் வராந்தாவில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் செங்கல் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினோம். தண்ணீர் முழுவதும் ஒரு மூலைக்கு ஓடிப்போய் நின்றுகொண்டது!

மாமா, 7:41
அன்று மாலை வீட்டுக்கு வந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெரிய அத்தை, 7:46
பக்கத்தில் சமையல்கூடம் கட்டும் கொத்தனார் சிரித்துக்கொண்டே வந்து ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நிற்கவில்லை. தரை வாட்டமாம். மழைநீர் வெளியே ஓடுவதற்காக வேண்டுமென்றே அப்படித்தான் போடுவார்களாம். அதன் பிறகு அரை மணி நேரம் பாடம் அவருடையதுதான். அட்டையைக் கொடுத்து மட்டமாக்கி, மறுபடி ஊற்றி, அளவுகோலை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டர். அளவுகோலின் முதல் கோட்டைத் தண்ணீர் தொட்டபோது வகுப்பே கத்தியது.

திருச்சி சித்தப்பா, 7:50
அக்கா, அந்தக் கொத்தனாருக்கு ஒரு சால்வை போட வேண்டும். நான் பணியில் இருந்தபோது இளம் பொறியாளர்கள் சிலருக்கே வாட்டம் விட மறந்துபோகும்.

பெரிய அத்தை, 7:58
இனி கணக்கு எளிது. கூரை 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 72 சதுர மீட்டர். போன புதன்கிழமை பாட்டிலில் 52 மில்லிமீட்டர். பெருக்கினால் 3,744 லிட்டர். ஒரே நாளில்! பிள்ளைகள் நம்பவில்லை. மூன்று முறை பெருக்கினார்கள்.

திருச்சி சித்தப்பா, 8:01
முழுவதும் தொட்டிக்கு வராது. தெறிப்பது, கூரை உறிஞ்சுவது, முதல் மழையில் அழுக்கோடு வெளியே விடுவது எல்லாம் போக எண்பது சதவீதம் என்று வைத்துக்கொள். சுமார் 3,000 லிட்டர்.

பெரிய அத்தை, 8:04
அப்படியே எழுதிக்கொண்டேன். தொட்டி 1,000 லிட்டர்தான். மீதியை உறிஞ்சு குழிக்கு விட வேண்டும். 46 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மக்கால் அளந்ததில் 3 லிட்டர் வந்தது. 138 லிட்டர். ஆகவே தொட்டி நிறைந்தால் ஏழு நாள். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அதுதான் பதில். பதினாறு நாள் கழித்து!

கோவை அண்ணன், 8:10
பதினாறு நாள். இதைத்தான் கேட்க நினைத்தேன். பாடப்பகுதியை எப்போது முடிப்பீர்கள்? சின்னவனுக்கு மாதாமாதம் தேர்வு. பரப்பளவை இரண்டே வகுப்பில் முடித்துவிட்டார்கள்.

பெரிய அத்தை, 8:22
உண்மையைச் சொல்கிறேன். சமூக அறிவியலில் ஒரு பாடம் பின்தங்கியிருக்கிறேன். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்தாம் வகுப்பு கூரையை அளந்தபோது இரண்டாம் வகுப்பு என்ன செய்யும்? மில்லிமீட்டர் அவர்களுக்குப் புரியாது. அதனால் தினம் பாட்டிலில் ஏறிய அளவுக்குச் சோடா மூடிகளைச் சுவரோரம் அடுக்கினார்கள். ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு மூடி. நாளுக்கு ஒரு வரிசை. வரைபடம் என்று நான் சொல்லவே இல்லை. "புதன்கிழமைதான் உயரம்" என்று அவர்களே சொன்னார்கள்.

பெரிய அத்தை, 8:25
ஆனால் ஒன்று கேட்கிறேன் அப்பா. சின்னவனிடம் உங்கள் வீட்டு மொட்டை மாடியின் பரப்பளவு என்ன என்று கேட்டுப் பார். சூத்திரம் கேட்காதே. மாடியைக் கேள்.

கோவை அண்ணன், 8:51
"நீளமும் அகலமும் கொடுத்தால் சொல்கிறேன்" என்கிறான்.

மாமா, 8:51
வழக்கறிஞராக வருவான்.

நான், 8:53
அரசில் இதற்கு எதுவும் இல்லையா அத்தை? வானவில் மன்றம் என்று செய்தியில் பார்த்தேனே.

பெரிய அத்தை, 8:59
அது 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கியது. 6 முதல் 8 வகுப்பு வரைக்கும். கருவிகளோடு ஆட்கள் பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுவார்கள். நல்ல ஏற்பாடு. எங்களுடையது 5 வரை மட்டும் உள்ள பள்ளி. எங்களுக்கு 'எண்ணும் எழுத்தும்'. 1 முதல் 3 வரைக்கு 2022இல் வந்தது, 4, 5க்கு அடுத்த வருடம். படிக்க, எழுத, எண்ணத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். அதிலும் செயல்பாடுகள் உண்டு. மழைமானியை நான் அதன் கணக்குச் செயல்பாடாகத்தான் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

திருச்சி சித்தப்பா, 9:08
மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் இப்படி ஆரம்பித்தார்கள். கிராமத்துப் பள்ளி, கையில் கிடைத்த பொருள். அங்கேதான் அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து முக்கோணம், சதுரம் எல்லாம் செய்தார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது. பாலத்தில் ஏன் முக்கோணம் முக்கோணமாக இரும்பு போடுகிறோம் என்பதை ஒரு பிள்ளை விரலாலேயே தெரிந்துகொள்ளும். நான் அதைக் கல்லூரி மூன்றாம் ஆண்டில் கரும்பலகையில் படித்தேன். 2002இல் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது, அது தனிக்கதை.

கோவை அண்ணன், 9:12
எல்லாம் சரியாகவே நடந்ததுபோல் சொல்கிறீர்கள் அத்தை.

பெரிய அத்தை, 9:19
கூரைத் தண்ணீருக்கு வடிகட்டி செய்த கதையை நீ கேட்கக் கூடாதே என்று இருந்தேன். பிள்ளைகள் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, முதலில் மணல், மேலே கரி, அதற்கு மேல் ஜல்லி போட்டார்கள். மணல் ஓட்டை வழியாகவே இறங்கிவிட்டது. கரியைக் கழுவாததால் தண்ணீர் காப்பி நிறம். இரண்டாவது முறை அடியில் துணி, ஜல்லி, மேலே மணல், கரியைக் கழுவிப் போட்டோம். இப்போது தெளிவாக வருகிறது. குடிக்கக் கூடாது என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம், தெளிவு வேறு, சுத்தம் வேறு. நீ கேட்ட பொறியியல் அந்த இரண்டாவது வாளிதான்.

நான், 9:23
அத்தை, பெட்டிக்குப் பணம் கட்டட்டுமா, வேண்டாமா?

பெரிய அத்தை, 9:30
கட்டாவிட்டால் வகுப்பில் குட்டி மட்டும் வெறும் கையோடு உட்காருவாள். கட்டிவிடு. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் ஒன்று கேள். அந்தக் காரின் சக்கரம் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று யாராவது அளக்கச் சொல்வார்களா? கணக்கு ஆசிரியருக்கு அந்தப் பெட்டி வந்திருப்பது தெரியுமா?

கோவை அண்ணன், 9:34
பரணில் ஏறுகிறேன். சக்கரத்தை அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை

நான், காலை 8:34
இரவு நல்ல மழை. குட்டி நேற்று மாலையே பாட்டில் செய்து மாடியில் வைத்துவிட்டாள். காலை 8:30க்குத்தான் பார்க்க வேண்டும், வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்துக்குத்தான் கணக்கு முடிக்கும் என்று சித்தப்பா நேற்றுத் தொலைபேசியில் சொன்னாராம். பல் தேய்த்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 71 மில்லிமீட்டர்!

திருச்சி சித்தப்பா, 8:37
71 என்றால் கனமழை. 64.5ஐத் தாண்டினாலே அந்தப் பெயர்தான். ஆனால் உங்கள் தாம்பரத்தில் 4 செ.மீ. என்றுதான் செய்தியில் ஓடுகிறது.

நான், 8:38
குட்டி கேட்கிறாள்: செய்தி தப்பா, பாட்டில் தப்பா?

பெரிய அத்தை, 8:45
எங்கள் பள்ளியிலும் இதே சண்டை. புதன்கிழமை பாட்டிலில் 52. செய்தித்தாளில் மன்னார்குடி 7 செ.மீ. முதலில் 52 பெரிதா 7 பெரிதா என்று ஒரு சண்டை, அதிலேயே மில்லிமீட்டர், சென்டிமீட்டர் பாடம் முடிந்தது. பிறகு சைக்கிளில் வருகிற பையன் சொன்னான், "டீச்சர், எங்கள் தெருவில் கொட்டும்போது பள்ளிக்கூடத்தில் தூறலே இருக்காது" என்று. இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் குட்டி விஷயத்தில் எனக்குச் சந்தேகம். பாட்டில் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு.

நான், 8:47
[படம்]

மாமா, 8:48
மேலே ஏதோ நீலமாகத் தெரிகிறதே?

நான், 8:48
துணிக்கொடி. நேற்று எடுக்க மறந்த போர்வை.

பெரிய அத்தை, 8:49
போர்வையில் பெய்த மழையும் சொட்டுச் சொட்டாகப் பாட்டிலுக்குள்தான் இறங்கியிருக்கிறது.

நான், 8:52
குட்டி நோட்டில் 71ஐ அடிக்கப் போனாள். பிறகு அடிக்காமல் பக்கத்தில் 'போர்வை' என்று எழுதியிருக்கிறாள். இப்போது பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடி முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறாள். பள்ளி வேன் வந்துவிட்டது, இறங்கி வர மாட்டேன் என்கிறாள்.

கோவை அண்ணன், 8:53
சக்கரம் ஒரு சுற்றுக்கு 20 சென்டிமீட்டர். சின்னவன் இப்போது எங்கள் மாடியைக் காரால் அளக்கப் போகிறானாம். பேட்டரி வாங்கக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.