சீக்வென்ஸ்: டெட் கார்டை உடனே மாற்றணுமா, கையில் வைத்திருக்கணுமா?

மூலைக்கட்டம்:
சீக்வென்ஸ் போர்டு கேம் (சீட்டை இறக்கி அதற்குரிய கட்டத்தில் காய் வைத்து, ஐந்து காயை ஒரே வரிசையில் சேர்க்கணும், அந்த ஐந்துதான் ஒரு சீக்வென்ஸ்) ஆடுகிறோம். நாலு பேர், இரண்டு டீம், ஆளுக்கு 6 சீட்டு. என் கையில் கிளாவர் 8. போர்டில் அதற்கு உள்ள இரண்டு கட்டமும் நிரம்பிவிட்டது. ஒன்றில் எங்கள் டீம் காய். இன்னொன்றில் எதிர் டீம் இரட்டைக்கண் ஜாக்கைப் (எந்தக் காலிக் கட்டத்திலும் காய் வைக்க விடும் சீட்டு) போட்டுக் காய் வைத்திருக்கிறது, அது அவர்களுடைய நாலு காய் வரிசையில் இருக்கிறது. இப்படி இரண்டு கட்டமும் நிரம்பி இறக்க முடியாமல் போன சீட்டை, அதாவது டெட் கார்டை, மாற்றினால் என் முறை முடிந்துவிடுமா? கிடைத்ததும் மாற்றுவதுதான் லாபமா, வைத்திருக்கக் காரணம் உண்டா?

சிவப்புக்காய்:
முறை முடியாது. உங்கள் முறை வந்ததும், வேறு சீட்டு இறக்குவதற்கு முன், "டெட் கார்டு" என்று சொல்லிக் கழித்த சீட்டுகளின் மேல் போடுங்கள். கட்டிலிருந்து ஒன்று எடுங்கள். பிறகு வழக்கம்போல ஒரு சீட்டு இறக்கி, காய் வைத்து, இன்னொன்று எடுக்க வேண்டும். அந்த முறையில் மொத்தம் இரண்டு சீட்டு எடுக்கிறீர்கள். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அடுத்தவர் ஆடித் தன் சீட்டையும் எடுத்துவிட்டால் உங்கள் உரிமை போய்விடும், ஆட்டம் முடிகிற வரை ஒரு சீட்டு குறைவாகவே ஆடணும். கையில் இரண்டு டெட் கார்டு இருந்தாலும் ஒரு முறைக்கு ஒன்றுதான்.

ஜாக்கணக்கு:
இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். இரண்டு கட்டு, 104 சீட்டு. ஜாக் எட்டையும் கழித்தால் 96. மூலை நாலையும் விட்டால் போர்டில் 96 கட்டம். அதாவது ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பிரதி, இரண்டு கட்டம். உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கும்போதே இரண்டு கட்டமும் நிரம்பியிருந்தால், குறைந்தது ஒரு கட்டம் இரட்டைக்கண் ஜாக்கால் நிரம்பியது என்று அர்த்தம். அந்த ஜாக் மொத்தம் நாலுதான் (டைமன் 2, கிளாவர் 2). அதனால் கட்டை மறுபடி கலைக்கும் வரை ஒரு ஆட்டத்தில் நாலு சீட்டுக்கு மேல் டெட் ஆகாது.

உங்கள் விஷயத்தில் மற்ற கிளாவர் 8 ஏற்கெனவே இறங்கிவிட்டது. மிச்சமிருப்பது உங்களிடம் உள்ளது மட்டும். இப்போது ஒற்றைக்கண் ஜாக் (ஸ்பேடு, ஆட்டின்) ஒன்றால் எதிராளி காயை எடுத்தால் அந்தக் கட்டம் காலியாகும். அதே முறையில் உங்கள் காயை வைக்க முடியாது. ஆனால் அடுத்த சுற்றில் கிளாவர் 8ஐ இறக்கலாம். நடுவில் அந்த இடத்தைப் பிடிக்க யாருக்கும் இரட்டைக்கண் ஜாக் தவிர வேறு வழியே இல்லை. 8ஐ முன்பே மாற்றியிருந்தால் உங்களுக்கும் அதே கதிதான்.

அதனால் நான் பார்ப்பது இவ்வளவுதான். எதிராளியின் காய் ஏற்கெனவே முடிந்த சீக்வென்ஸில் இருந்தால் அதை எடுக்க விதியே இல்லை, உடனே மாற்றிவிடுங்கள். எதிராளியின் முடியாத வரிசையில் இருந்து, உங்களிடம் ஒற்றைக்கண் ஜாக்கும் இருந்தால் வைத்திருங்கள். ஜாக் இல்லையென்றால் மாற்றுங்கள். 'வரும்' என்று காத்திருப்பது நட்டம், ஏனென்றால் 6 சீட்டுக் கை 5 சீட்டுக் கையாக ஆடுகிறது. புதிதாக எடுக்கிற சீட்டு ஏதாவது ஒரு வகை ஜாக்காக இருக்க ஆட்டத் தொடக்கத்தில் 13இல் 1 வாய்ப்பு.

இன்னொன்று பலர் யோசிக்காதது: ஜாக்கால் பிடித்த கட்டத்தில் இருப்பது *உங்கள்* காய் என்றால், டெட் கார்டு அதற்குக் காப்பீடு. அவர்கள் அதை எடுத்தாலும் நீங்கள் திருப்பி வைக்கலாம். நாலு காய் வரிசைக்கு இது மதிப்புள்ளது. இரண்டு காய் வரிசைக்கு வேண்டாம்.

பச்சைக்காய்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கட்டு தீரும் வரைதான். நாலு பேர் ஆடினால் 24 போக 80 சீட்டு, அதாவது சுமார் 20 சுற்று. தீர்ந்ததும் கழித்த சீட்டுகளைக் கலைத்துப் புதுக் கட்டு ஆக்குவார்கள். இறங்கிய சீட்டெல்லாம் திரும்பி வரும், காய்களோ போர்டிலேயே இருக்கும். எடுப்பதில் பாதிக்கு மேல் டெட் கார்டாக இருக்கலாம். 'கடைசிப் பிரதி என்னிடம்' என்ற கணக்கு அங்கே செல்லாது. அந்த நிலையில் ஒவ்வொரு முறையும் ஒன்றை மாற்றிக்கொண்டே போங்கள், சேர்த்து வைத்தால் கை அடைத்துவிடும்.

டீம் ஆளிடம் "8ஐ வைத்திருக்கிறேன், அதை எடு" என்று குறிப்புக்கூடக் காட்ட வேண்டாம். விதிப்படி அந்த டீமில் எல்லோரும் ஒரு சீட்டு இழக்கணும்.

மூலைக்கட்டம்:
நன்றி. ஆட்டின் ஜாக் கையில் இருக்கிறது. அப்படியானால் இப்போதே எடுக்கலாமா?

ஜாக்கணக்கு:
கிளாவர் 8 வரிசையின் நடுவில் இருக்கிறதா, ஓரத்திலா என்று பாருங்கள். நடுவில் என்றால் எடுங்கள், அடுத்த சுற்றில் உங்கள் காய் விழுந்ததும் அந்த வரிசை இரண்டாக அறுந்துவிடும். ஓரத்தில் இருந்து, மறுபக்கம் இரண்டு கட்டம் காலியாக இருந்தால் மிச்சமுள்ள மூன்றை அந்தப் பக்கமே நீட்டி ஐந்தாக்கிவிடுவார்கள். அப்போது முதலில் 8ஐ மாற்றிவிட்டு, ஜாக்கை உள்காய் ஒன்றின் மேல் செலவழியுங்கள். எடுக்கும் முன் எத்தனை இரட்டைக்கண் ஜாக் இறங்கியிருக்கிறது என்றும் எண்ணுங்கள்: உங்கள் அடுத்த முறைக்குள் எதிர் டீமில் இரண்டு பேர் ஆடிவிடுவார்கள்.