ரெண்டு எழுத்து மிச்சம் பிடித்தால் யாருக்கு லாபம்?

குமிழி:
டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பியிருக்கிறான். ஒரு சொல் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒன்றாகவே வருகிறதா என்று பார்க்கும் வேலை. நானாக இருந்தால் “\எஸ்->எஸ்==ரிவர்ஸ் எஸ்” என்று எழுதியிருப்பேன். ஆங்கிலத்தில் 16 எழுத்து. அவன் எழுதியது “(==)<*>ரிவர்ஸ்”. 14 எழுத்து. கேட்டால் கோட் கால்ஃப் ஆடிய பழக்கமாம். (குறைந்த அடியில் பந்தைக் குழியில் போட்டவர் ஜெயிப்பதுபோல, குறைந்த பைட்டில் வேலையை முடித்தவர் ஜெயிக்கும் ஆட்டம்.) ஏற்கலாமா, திருப்பி அனுப்பலாமா?

ராத்திரி_ஷிஃப்ட்:
திருப்பி அனுப்புங்கள். ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடித்து எழுந்து அந்த வரியை முறைத்துப் பார்க்கப்போவது என்னைப் போன்ற ஆள்தான். போன வருஷம் ஒருவர் ‘அதர்வைஸ்’ (மேலே எதுவும் பொருந்தாவிட்டால்) என்று எழுத வேண்டிய இடத்தில் 1>0 என்று போட்டுவிட்டுப் போனார். 9 எழுத்துக்குப் பதில் 3. ஒன்று பூஜ்யத்தைவிடப் பெரியது, எப்போதும் உண்மை, சரி. நானோ ஏதோ எண்ணை ஒப்பிட வந்து பாதியில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து அரை மணி நேரம் தேடினேன்.

பைட்கஞ்சன்:
1>0 போட்டித் தந்திரம். ஆபீஸ் கோடில் அதைப் போட்டவரை நானும் திட்டுவேன். <*> கதை வேறு. இந்த இடத்தில் அது செய்வது இவ்வளவுதான்: வந்த சொல்லை அப்படியே ஒரு பக்கம் வை, ரிவர்ஸ் செய்ததை இன்னொரு பக்கம் வை, இரண்டையும், ஒன்றா என்று பார்க்கும் == கையில் கொடு. மாறிகளே இல்லாமல் தர்க்கத்தை எழுதலாம் என்று மோசஸ் ஷோன்ஃபிங்கல் 1924 கட்டுரையில் காட்டினாரே, அதிலுள்ள ‘எஸ்’ என்ற ஃபங்ஷன் இதேதான். அந்த வழியை வளர்த்தெடுத்த ஹாஸ்கெல் கரியின் பெயரைத்தான் மொழிக்கே வைத்திருக்கிறார்கள். எனக்கு இது புரிந்தது பாடப்புத்தகத்தால் அல்ல. ரெண்டு எழுத்தைக் குறைக்க மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டதால்.

ராத்திரி_ஷிஃப்ட்:
மூன்று நாள்! அதைத்தான் நானும் சொல்கிறேன். அப்புறம், சுருக்கம் ஆளை ஏமாற்றவும் செய்யும். ஹாஸ்கெல் பெருமை பேசும்போதெல்லாம் பகா எண்களுக்கான ரெண்டு வரி ‘எரடோஸ்தனிஸ் சல்லடை’யைக் காட்டுவார்கள். அது சல்லடையே இல்லை. நிஜச் சல்லடை 7க்கு வந்ததும் 49, 56, 63 என்று மடங்குகளை மட்டும் அடித்துக்கொண்டே போகும். இந்த ரெண்டு வரியோ மிச்சமிருக்கும் ஒவ்வோர் எண்ணையும் 7ஆல் வகுத்துப் பார்க்கிறது. சாதாரணமாக வகுத்துப் பார்க்கும் முறையைவிடவும் இது மெதுவானது என்று மெலிஸா ஓ’நீல் 2009இல் ஒரு கட்டுரையே எழுதினார். பார்க்க அழகாக இருந்ததால் அதுவரை பலர் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பைட்கஞ்சன்:
அடி விழுந்தது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த ரெண்டு வரி பாடம் நடத்துகிறவர்கள் அழகுக்குக் காட்டுவது. பழியைக் கால்ஃப் ஆடுகிறவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

ழகரம்:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். யாராவது “விகடகவி” கொடுத்துப் பார்த்தீர்களா? 14, 16 ரெண்டுமே ஃபால்ஸ் என்கின்றன.

குமிழி:
என்னது?

ழகரம்:
ஹாஸ்கெலில் ஒரு கேரக்டர் என்றால் ஒரு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பட்டியல்) குறியெண். விகடகவி நமக்கு 5 எழுத்து, அதற்கு 7. ‘வி’ வரும் இரண்டு இடத்திலும் வகரம் தனி, இகரக் குறி தனி. திருப்பிப் போட்டால் இகரக் குறி முதலில் வந்து அநாதையாக நிற்கும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
ஆக, தப்பான கோடை எத்தனை எழுத்தில் எழுதலாம் என்றுதான் இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டோமா!

பைட்கஞ்சன்:
குறிகளை அதனதன் எழுத்தோடு ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு திருப்பினால் சரியாகிவிடும். குரூப்-பை(கான்ஸ்ட் இஸ்மார்க்) போதும்: இஸ்மார்க் ‘இது குறியா’ என்று பார்க்கும், குறியென்றால் குரூப்-பை அதை முன்னால் உள்ள எழுத்தோடு சேர்க்கும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், குரூப்-பைக்கு டேட்டா.லிஸ்ட், இஸ்மார்க்குக்கு டேட்டா.கேர் என்று ரெண்டு இம்போர்ட் (நூலகத்தை உள்ளே இழுக்கும் வரி) வேண்டும். வரிக்கு 17 பைட். வாசலிலேயே 34 போச்சு.

ராத்திரி_ஷிஃப்ட்:
தமிழ்ச் சொல் மட்டும்தான் வருமென்றால் இஸ்மார்க் எதற்கு? யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘ஹ’வுக்கு அப்புறம்தானே வருகின்றன? கான்ஸ்ட்(>'ஹ') என்று போடுங்கள். டேட்டா.கேர் வேண்டாம், 17 பைட் மிச்சம்.

பைட்கஞ்சன்:
வாங்க வாங்க! ஆனால் 17 இல்லை. ‘ஹ’ ஒன்றே யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் தின்கிறது. அந்த வரி ஒரு பைட் நீண்டுவிடும். 16தான்.