தங்கரேக்கா, பொன்னிதழா?

அன்பு நண்பர்களே,

நுண்கலை மாணவர்களுக்கான நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு இத்தாலிய முகம் பார்க்கும் கண்ணாடிகள் பற்றிய அத்தியாயத்தில் சிக்கி நிற்கிறேன். மரச்சட்டத்தில் இலையும் சுருளும் செதுக்கி, ஜிப்சத்தைத் தோல்பசையில் குழைத்துப் பல முறை பூசி, மேலே செங்களிமண் தடவி, கடைசியில் மெல்லிய தங்கத் தாளை ஒட்டி அகேட் கல்லால் தேய்க்கிறார்கள். ‘தங்கமுலாம்’ என்று எழுதினேன். சரிபார்த்தவர் அடித்துவிட்டார். என்ன போடலாம்?

*

அடித்தது சரிதான். முலாம் உலோகத்தின் மேல் ஏற்றுவது, கொலுசுக்குப் பூசுகிறோமே அது. ‘பொன்னிதழ்’ என்று போடுங்கள். வினைக்கு ‘வேய்தல்’ இருக்கிறது. தில்லைக்குப் பொன் வேய்ந்த சுந்தரபாண்டியனுக்கு ‘கோயில் பொன்வேய்ந்த பெருமாள்’ என்றே பட்டம். பொன்னிதழ் வேய்ந்த சட்டம். கையோடு கண்ணாடியையும் மாற்றிவிடலாம், ஆண்டாள் ‘தட்டொளி’ என்கிறாள்.

*

ஐயா, தட்டொளி மெருகேற்றிய உலோகத்தட்டு. வெனிஸ்காரர்கள் செய்தது கண்ணாடிப் பலகையின் பின்னால் வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்தது. நம் வீடுகளில் ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோமே, அந்த ரசம்தான். ‘கண்ணாடி’ என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

நான் தஞ்சாவூர் ஓவியம் செய்கிற வீட்டில் வளர்ந்தவள். ஒட்டுகிற அந்தத் தங்கத் தாள் எங்களுக்குத் தங்கரேக்கு. அடியில் மேடு எழுப்பும் குழைவு மக்கு. அப்பா ரேக்கைக் கத்தரியால் நறுக்கி, கோந்து தடவிய மேட்டில் வைத்து, நகம் படாமல் விரல் நுனியால் ஓரத்தை அமுக்குவார். அந்த ஜிப்சக் குழைவுக்கும் மக்கு என்றே எழுதலாம். வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பட்டறையில் வாழ்கிற சொல் அது.

*

அம்மா, மக்கு சரி, ஏற்கிறேன். ஆனால் உங்கள் ரேக்கு கத்தரிக்கு நிற்கிறது. இத்தாலியத் தங்கம் நிற்காது. தோல் மெத்தையில் விரித்து, கத்தியால் பிரித்து, அணில்முடித் தூரிகையால் தூக்குகிறார்கள். மூச்சு பட்டால் சுருண்டுவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் கத்தரியைத் தேடுவார். தவிர, ரேக்கு தெலுங்கு. அங்கே ‘ரேகு’ என்றால் இதழ்தான். பொருளை எடுத்துக்கொள்வோம், ஒலி எதற்கு?

*

இத்தாலியரும் அதை இலை என்றுதான் சொல்கிறார்கள், ஆகவே இதழ் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். வெள்ளியை ஒட்டி, மஞ்சள் வார்னிஷ் ஏற்றிப் பொன்போலக் காட்டிய சட்டங்களும் அங்கே நிறைய உண்டு, ‘மெக்கா’ என்பார்கள். அதற்கும் பொன்னிதழ் என்றால் பொய்யாகிவிடும். வெறும் ‘இதழொட்டு’ என்றால் இரண்டையும் தாங்குமே?

*

இதழொட்டு என்றால் முத்தம் என்று நினைப்பார்கள். வேண்டாம்.

*

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மற்ற பதில்களையும் சேர்த்து எண்ணினால் நால்வர் தங்கரேக்கு, இருவர் பொன்னிதழ். தங்கரேக்கு, வெள்ளிரேக்கு, மக்கு என்று அனுப்புகிறேன். மெக்காவை அப்படியே விட்டு, எப்படிச் செய்வது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தூரிகையால் தூக்கும் மெல்லிய ரேக்கு என்பதையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

*

அனுப்புங்கள். ஆனால் சொல்லடைவிலாவது பொன்னிதழைச் சேருங்கள். தில்லைக் கூரைக்குப் பொருந்திய வேய்தல் இந்தச் சட்டத்துக்கு ஏன் பொருந்தாது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.