40 பேர் உட்காரும் மாடியில் ஸ்டாண்ட்அப்பும் கவிதையும்: எப்படி அடுக்குவது?

(ஒரு கேள்வியும் அதற்கு மூவர் தந்த பதில்களும். ஒவ்வொன்றின் முன்னும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மாடிப்படி:
மதுரையில் ஒரு காபிக் கடையின் மாடி. 20 அடிக்கு 30 அடி, தகரக் கூரை. 30 அடிப் பக்கம் ஒன்று தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. தமிழில் ஸ்டாண்ட்அப் காமெடி செய்பவர்கள் 4 பேர், கவிதை சொல்பவர்கள் 4 பேர். இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் ஒன்றையொன்று கெடுக்குமா? சவுண்ட் எவ்வளவு எடுக்க வேண்டும்? போலீஸ் அனுமதி தேவையா?

கடைசி பெஞ்ச்:
சேர்த்து வைப்பதால் கெடாது. ஒரு காமெடி, ஒரு கவிதை என்று மாற்றி மாற்றி வைத்தால்தான் கெடும். ஒவ்வொரு முறையும் மனசைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தால் கூட்டம் பாதியிலேயே களைத்துவிடும். இரண்டிரண்டு பேராக வையுங்கள்.

முதல் பாதியில் நிகழ்ச்சியை நடத்துகிற ஹோஸ்ட் 7 நிமிடம் பேசட்டும். பிறகு காமெடி இருவர் தலா 8 நிமிடம், கவிதை இருவர் தலா 5 நிமிடம். 15 நிமிட இடைவேளை. திரும்பி வருகிறவர்கள் பேசிக்கொண்டேதான் உட்காருவார்கள், அந்தச் சத்தத்தில் கவிஞரை ஏற்றிவிடாதீர்கள். ஹோஸ்ட் 4 நிமிடம் பேசி அடக்கட்டும். அதன்பின் கவிதை இருவர், கடைசியில் காமெடி இருவர். முடிக்கிறவருக்கு 12 நிமிடம் கொடுக்கலாம். ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடியும்.

ஆபத்தான இடம் ஒன்றே ஒன்று: கனமான கவிதை முடிந்து அடுத்து காமெடியன் ஏறும் இடம். கவியரங்கத்தில் தலைமை தாங்குகிறவர் செய்கிற வேலையை அங்கே ஹோஸ்ட் செய்ய வேண்டும். கவிதையைப் பற்றி இரண்டு வரி மரியாதையாகச் சொல்லி, கைதட்டல் வாங்கி, ஒரு நிமிடம் பொதுவாகப் பேசி, பிறகு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். கவிதையைக் கிண்டல் செய்து சிரிப்பு வாங்கினால் கவிஞர்கள் அடுத்த முறை மேடையேறும்போதே குறுகிப்போவார்கள்.

நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பின்னாலிருந்து போன் டார்ச் காட்டுவது வழக்கம். தாளைப் பார்த்து வாசிக்கிறவர் கண்ணில் அது படாது. கவிஞர்களிடம் முன்கூட்டியே 400 சொல்லுக்குள் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

மைக்செட்:
10 அல்லது 12 இன்ச் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் வகை) ஒன்று போதும். வாடகைக் கடையில் சொல்லாமல் விட்டால் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி இரண்டு பெரிய பாக்ஸும் மிக்ஸரில் எக்கோவும் வரும். எக்கோ வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ழகரமும் றகரமும் ஒன்றோடொன்று கலந்து, பன்ச் லைன் காதில் விழாமல் போகும்.

மைக் ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் வகை, நேர் ஸ்டாண்டு. ஸ்பீக்கர் எப்போதும் மைக்கை விட முன்னால் நிற்க வேண்டும். ‘குய்ங்’ என்று கத்துவதற்குப் பாதி நேரம் காரணம், பேசுகிறவர் மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் மூடுவதுதான். பின்பக்கத் திறப்பு அடைபட்டால் அது எல்லாத் திசைச் சத்தத்தையும் இழுக்கும். மைக்கின் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். உதட்டிலிருந்து நான்கு விரல் தூரம். லோ-கட் (அடித்தொண்டை இரைச்சலை வெட்டும் வசதி) 100 ஹெர்ட்ஸ். ஸ்டாண்டு ஃபேன் மைக்கைப் பார்த்து வீசினால் ‘புஸ்’ஸென்று இரையும், அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள்.

மேடை, தெருவுக்கு எதிர்ச் சுவரின் நடுவில், 8 அங்குல உயரம். 10 பேராக நான்கு வரிசை. முதல் வரிசை மேடைக்கு 4 அடியில். முதலில் 30 நாற்காலி மட்டும் போட்டு, ஆள் வர வரச் சேர்க்கலாம். முன்னால் காலி நாற்காலி இருந்தால் சிரிப்பு பரவாது. திறந்த பக்கத்தில் ஜமக்காளம் இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டால் ஹாரன் சத்தம் கொஞ்சம் குறையும்.

விளக்கு சீலிங் ஃபேனுக்கு மேலே இருந்தால் இறக்கையின் நிழல் முகத்தில் வெட்டி வெட்டி விழும். முன்னாலிருந்து சாய்வாக ஒரு வார்ம் எல்இடி போதும். கூட்டத்தை முழு இருட்டாக்காதீர்கள், முதல் இரண்டு வரிசை முகம் காமெடியனுக்குத் தெரிய வேண்டும்.

தெற்குவாசல்:
அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. ஒரு பக்கம் திறந்த மாடியை மூடிய அரங்கம் என்று வாதாட முடியாது. ஸ்டேஷனில் முன்னதாகவே மனு கொடுத்து, நகலைக் கையில் வையுங்கள். இடைவேளையில் சினிமாப் பாட்டு போட்டால் அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும், தவிர்த்துவிடலாம்.

வீடியோ எடுக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். இணையத்தில் ஏறிய ஜோக் அடுத்த மேடையில் எடுபடாது. வெளிவராத கவிதையைத்தான் பத்திரிகைகள் கேட்கும்.

மாடிப்படி:
நன்றி. காபி ஆர்டரும் மழையும்தான் பாக்கி.

கடைசி பெஞ்ச்:
ஆர்டர் தொடங்குமுன்னும் இடைவேளையிலும் மட்டும். பில்லையும் இடைவேளையிலேயே வாங்கிவிடுங்கள், கடைசி ஆள் பேசும்போது சில்லறை எண்ணுவது கொடுமை. தகரத்தில் கனமழை கொட்டினால் எந்த ஸ்பீக்கரும் ஜெயிக்காது. மேஜைகளை ஒதுக்கிக் கீழ்த் தளத்தில் 25 பேருக்கு இடம் பார்த்து வையுங்கள். அங்கே மைக்கே தேவைப்படாது.