லிங்க்ஸ் சிலந்தியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
பெங்களூரா மாமரம் பூத்திருந்த நேரம். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் பூங்கொத்தைத் தட்டினேன். ஒரு பூச்சி துள்ளியது. அது பறப்பதற்குள் பழுப்புச் சிலந்தி ஒன்று எகிறி, அந்தரத்திலேயே கால்களால் அள்ளிக்கொண்டது. கீழே விழவும் இல்லை, நூலில் தொங்கியபடியே கடித்தது. கால் முழுக்க முள். லிங்க்ஸ்தானே?

பாலக்கோட்டான்:
லிங்க்ஸேதான். எங்கள் பக்கம் பச்சை நிறத்தில் இருக்கும். தக்காளி வரப்பில் சிவப்புக் காட்டாமணக்கு நிற்குமே, அதன் பிசுபிசுப்பில் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும், இது மட்டும் சாவகாசமாக நடக்கும். ஒருமுறை முட்டைப் பையைக் கட்டிப் பிடித்திருந்த தாயைப் புல் நுனியால் தொட்டேன். ஓடவில்லை. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பியது. நான்தான் கையை இழுத்துக்கொண்டேன்.

ஓசூர் ரோஜா:
எகிறியதை வைத்தே லிங்க்ஸ் என்றால் எப்படி? குதிக்கும் சிலந்தியும்தான் எகிறும். கண்ணைப் பார்த்தீர்களா? குதிக்கும் சிலந்திக்கு முன்கண் இரண்டும் பெரிதாக முழிக்கும். லிங்க்ஸுக்கு ஆறு கண் அறுகோணமாக, மீதி இரண்டு பொடிசாகக் கீழே. என் ரோஜாவில் தேனீயைப் பிடித்த சிலந்தியையும் எல்லோரும் லிங்க்ஸ் என்றார்கள். பக்கவாட்டில் நடந்தது, முன்னிரண்டு ஜோடிக் கால் மட்டும் நீளம். நண்டுச் சிலந்தி!

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
முள் என்று எழுதினேனே, படிக்கவில்லையா? கண்ணிலிருந்து பல் வரை இரண்டு கறுப்புக் கோடும் இறங்கியிருந்தது.

அரூர் விவசாயி:
நானும் நெல்லில் பார்த்தேன், தூரில் தத்துப்பூச்சி தின்றுகொண்டிருந்தது. அது கிடக்கட்டும். எல்லோரும் ஒன்று கவனியுங்கள். இது வலை கட்டிப் பிடிப்பதில்லை, இலை இலையாக அலைந்து வேட்டையாடுவது. அதனால் தெளிக்கிற மருந்து நேராக இதன்மேல்தான் படும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் சிலந்தி செத்துப்போகும், புகையான் (நெல் தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) முன்னைவிடப் பெருகும். பூச்சியைக் கண்டவுடன் டேங்கைத் தூக்காதீர்கள். முதலில் தூரைத் தட்டி, பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணுங்கள். வரப்பில் தட்டைப்பயறு போடுங்கள். வரப்புப் புல்லை மொத்தமாகச் செதுக்காதீர்கள், சிலந்திக்கு ஒதுங்க இடம் வேண்டும். அப்புறம் யூரியாவைக் குறையுங்கள், புகையானுக்கு அது விருந்து.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
அண்ணா, எனக்கு நெல்லே கிடையாது! பாலக்கோட்டுக்காரரே, அந்த முட்டை பொரிந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.