புதுப்பிப்பு: 34 பிக்கப்புக்கு 32 சேஸி

ஏ.எம்.டி. நிறுவனத்தின் 1934 ஃபோர்டு பிக்கப் பிளாஸ்டிக் மாடலின் கேபினை, ரெவெல் நிறுவனத்தின் 1932 ஃபோர்டு மாடலின் சேஸியில் (அடிச்சட்டத்தில்) உட்கார வைக்கப்போவதாக முதல் பதிவில் எழுதியிருந்தேன். இரண்டும் நிஜ வண்டியில் 1/25 அளவுதானே, அப்படியே பொருந்திவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தாது. நிஜ வண்டியிலேயே முன்-பின் சக்கர இடைவெளி 32-க்கு 106 அங்குலம், 34-க்கு 112. மாடலில் அது ஏறத்தாழ 6 மி.மீ. வித்தியாசம். சேஸியை நீட்டாமல், பிக்கப்பின் பின்பக்கச் சரக்குத் தொட்டியைக் குறுக்கிவிட்டேன். நிஜ ஹாட் ராட்களிலும் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்கள்) பலர் செய்வதுதான். பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது.

கூரையை 3 மி.மீ. தாழ்த்தியதில்தான் வேலை வாங்கியது. முன்கண்ணாடித் தூண்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை; கூரையை இறக்கினால் மேல்துண்டு கீழ்த்துண்டுக்குப் பின்னால் போய் நிற்கும். எனவே கூரையைக் குறுக்கே அறுத்து, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை வைத்து ஒட்டினேன். புட்டி இறுகியபின் 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். இப்போது இணைப்பு நகத்துக்குக்கூடத் தட்டுப்படவில்லை.

செவர்லே இன்ஜின் வைக்கச் சொன்னவர்கள் பொறுத்தருள்க. ஃபோர்டுக்கு 1932-இல் வந்த ஃபிளாட்ஹெட் வி8 (தட்டையான தலைப்பகுதி கொண்ட எட்டு சிலிண்டர் இன்ஜின்) தான் அழகு. பிரைமர் அடித்தாயிற்று. கறுப்பா, அடர்சிவப்பா என்பது மட்டும் பாக்கி.